எதிரியை நன்றாக எழுதுகிறவர்கள்

ஒற்றர் கதை என்று சொன்ன மாத்திரத்தில், தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்து வளர்ந்த என் தலைமுறைக்காரர்களின் மனக்கண்ணில் தோன்றுகிறவன், விமானத்திலிருந்து இறங்குகிறவன், வேஷம் மாற்றுகிறவன், ஆபத்து வாசற்படிக்கு வந்துவிட்ட பிறகும் தேநீரை ரசித்துக் குடிக்கிறவன். உண்மையில் ஒரு தேசத்தின் உளவு இலாகாவில் சம்பளம் வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர், இப்படி ஊர் ஊராய் அலைகிற பாக்கியமோ துர்ப்பாக்கியமோ இல்லாமல், ஜன்னல்கூட இல்லாத அறையில் மேஜைக்கு முன் உட்கார்ந்து, பிறர் அனுப்பிய செய்திகளைப் படித்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, மேலிடத்துக்குக் குறிப்பு எழுதியே தலை நரைத்துப் போகிறவர்கள். அந்த மேஜைக்காரர்களில் ஒருவர் உத்தியோகத்தை விட்டு வெளியே வந்து, தாம் வருஷக்கணக்கில் காகிதத்தில் பார்த்த ஒரு யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதினால் அது எப்படி இருக்கும் என்பதுதான் இன்று நான் உங்களோடு சாவகாசமாகப் பேச விரும்புகிற விஷயம்.

இந்த வேலை நமக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்திலேயே, ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் அதைத் தெளிந்துகொள்ளலாம் என்றும் விதி வகுத்திருக்கிறார். மூன்று பேர் சொன்னதையும் எதிரே வைத்துக்கொண்டு, எது பொய், எது பயத்தில் சொன்னது, எது எஜமானனைக் குளிர்விக்கச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கிற நாலாவது ஆசாமி ஒருவன் அங்கே இருந்தாக வேண்டுமல்லவா? நம் உரையாசிரியர்கள் அவனை அரசனாகவே கொண்டுவிட்டார்கள்; இன்றைய ராஜ்யங்கள் அவனுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்து, பகுப்பாய்வாளர் என்று பெயரும் சூட்டியிருக்கின்றன. தர்க்க சாஸ்திரத்தின் பாஷையில் சொன்னால், களத்தில் திரிகிறவனுக்குப் பிரத்தியட்சம் உண்டு. இவனுக்கோ பிறர் வாய்ச்சொல்லும் அனுமானமும்தான் கதி.

அந்த அனுமானத்தை அளந்து சொல்வதில் எவ்வளவு தொல்லை உண்டு என்பதற்கு ஒரு பழைய சம்பவம். யேல் சர்வகலாசாலையில் சரித்திரம் போதித்துவிட்டு அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வில் மதிப்பீட்டுப் பிரிவில் சேர்ந்து, பின்னர் அதற்குத் தலைவருமான ஷெர்மன் கென்ட் என்பவரின் காலத்தில், 1951-ஆம் ஆண்டு, யூகோஸ்லாவியாவின் மீது படையெடுப்பு நிகழ்வது கவனத்துக்குரிய ஒரு சாத்தியம் என்று ஓர் அறிக்கை போயிற்று. வெளிவிவகார இலாகாவைச் சேர்ந்த ஒருவர், இதற்கு என்ன கணக்கு என்று கேட்க, நூற்றுக்கு அறுபத்தைந்து என்று கென்ட் பதில் சொன்னார்; கேட்டவரோ அதைவிட மிகக் குறைவாக எண்ணிக்கொண்டிருந்தார். திடுக்கிட்டுப் போன கென்ட் தம்மோடு சேர்ந்து அந்த அறிக்கையைத் தயாரித்த சகாக்களையே விசாரித்தபோது, ஒருவர் மனத்தில் நூற்றுக்கு இருபதும் இன்னொருவர் மனத்தில் நூற்றுக்கு எண்பதுமாக இருந்தது தெரியவந்தது. அதன் பிறகுதான் அவர், ஏறக்குறைய நிச்சயம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று, பெரும்பாலும் நடக்கும் என்றால் எழுபத்தைந்து என்று ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி ஓர் அட்டவணை போட்டு, 1964-இல் அதை விளக்கிக் கட்டுரையும் எழுதினார். இப்படிப்பட்ட தராசுத் தட்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்து நிறுத்து எழுதிப் பழகிய கை, கதை எழுத வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டேவிட் மெக்லாஸ்கியை எடுத்துக்கொள்கிறேன். சி.ஐ.ஏ.வில் பகுப்பாய்வாளராக இருந்தவர். மத்திய கிழக்கில் அந்த ஸ்தாபனத்தின் நிலையங்களில் வேலை செய்தவர். ஜனாதிபதிக்குத் தினந்தோறும் போகிற ரகசியக் குறிப்பேட்டுக்கு எழுதியவர். பின்பு உத்தியோகத்தை விட்டு, மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தில் சில காலம் இருந்துவிட்டு, 2021-இல் 'டமாஸ்கஸ் ஸ்டேஷன்' என்ற தம் முதல் நாவலை வெளியிட்டார். சிரியாவில் 2011 மார்ச்சில் தேரா என்ற ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரில் எழுதிய சில வார்த்தைகளுக்காக அவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததில் மூண்டு, தேசம் முழுவதையும் எரித்த அந்த உள்நாட்டு யுத்தம்தான் கதையின் களம். அதற்குப் பிறகு 2023-இல் 'மாஸ்கோ எக்ஸ்', 2024-இல் 'தி செவன்த் ஃப்ளோர்', 2025-இல் 'தி பெர்ஷியன்' என்று வரிசையாக வந்துவிட்டன.

இவருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய முதல் சங்கடம் நடையைப் பற்றியது என்று எண்ணுகிறேன். உளவு இலாகாக் குறிப்பு எழுதுவதில் முதல் விதி, முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடு என்பது. ராஜாங்கப் பொறுப்பு வகிக்கிறவனுக்கு இரண்டாம் பக்கம் புரட்ட நேரம் இராது. நாவலுக்கோ முடிவை மறைத்து வைப்பதே ஜீவநாடி. அங்கே எழுதியவன் பெயர் வெளியே தெரியாது. ஒருவன் எழுதியதை நாலு பேர் திருத்தி, ஆறு பேர் வெட்டி, கடைசியில் எவருடைய குரலும் இல்லாத, ஸ்தாபனத்தின் குரல் என்று சொல்லத்தக்க ஒன்றுதான் மிஞ்சும். சர்க்கார் ஆபீசில் கோப்புக் குறிப்பு எழுதிப் பழகியவர்கள் கல்யாணக் கடிதம் எழுத உட்கார்ந்தாலும் பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது என்று முடிப்பார்களே, அந்த வாசனை மெக்லாஸ்கியின் முதல் நாவலில் எங்கேனும் வீசுகிறதா என்று நான் தேடிக்கொண்டே படித்தேன். ஓர் இடத்தில் வீசத்தான் செய்கிறது. கதாநாயகன் தன்னை யாரும் பின்தொடரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக டமாஸ்கஸ் தெருக்களில் மணிக்கணக்காகச் சுற்றுகிற காட்சிகள், எந்தத் திருப்பத்தில் எந்த வண்டி, எந்தக் கடையில் எத்தனை நேரம் என்று ஒன்றுவிடாமல் வருகின்றன. ஆயினும் விசித்திரம் என்னவென்றால், அந்த அலுப்பே அங்கே பயமாக மாறுகிறது. ஒற்றனுடைய பயத்தில் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்பது வாசிக்கிறவனுக்கு உடம்பில் உறைக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவன்று. இந்த நாவலில் சாம் ஜோசப் என்ற அமெரிக்க ஒற்றன் இருக்கிறான்; அவன் பாரிஸ் நகரத்தில் சந்தித்து உளவு சொல்ல இணங்கச் செய்கிற மரியம் ஹத்தாத் என்ற சிரிய அரண்மனை அதிகாரி இருக்கிறாள்; இருவருக்கும் இடையே, உத்தியோக தர்மம் முற்றிலும் தடை செய்த காதல் மூள்கிறது. இந்தக் காதலை நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லலாமே தவிர ரசித்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை. சாம் தைரியசாலி, அழகன், கெட்டிக்காரன். இந்த மூன்று குணமும் ஒருங்கே வாய்த்தவர்களைப் பற்றி இலக்கியத்தில் பெரிதாக எழுத எதுவும் இருப்பதில்லை. புத்தகத்தை மூடிய பின்பும் என்னை விட்டுப் போகாதவன் அலி ஹசன். சிரிய அரசாங்கத்துக்காக அந்நிய ஒற்றர்களைப் பிடிக்கிறவன். சாமுக்கும் மரியத்துக்கும் எமன் என்று சொல்லத்தக்கவன். குடியரசுக் காவற்படைக்குத் தலைவனான ருஸ்தும் என்ற மிருகத்துக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டவன். தான் சேவகம் செய்கிற ஆட்சி எத்தகையது என்பதை நன்றாக அறிந்தவன். அறிந்தும் தன் காரியத்தைச் செவ்வனே செய்கிறவன். அதை நிறுத்தினால் தன் வீட்டுக்கு என்ன நேரும் என்பதையும் அறிந்தவன். அவன் வெற்றி பெறக்கூடாது என்று ஒரு பக்கம் பிரார்த்தித்துக்கொண்டே, அவன் பிழைத்துவிட வேண்டும் என்று மறுபக்கம் நான் ஆசைப்பட்டேன்.

இது தற்செயல் அல்ல என்பது என் அபிப்பிராயம். களத்து உத்தியோகஸ்தனுக்குத் தன்னைப் பற்றிய நினைவே பிரதானம்: தான் எங்கே நிற்கிறோம், தன்னை யார் பார்க்கிறார்கள், தான் பேசுகிற பொய் நிற்குமா என்பதே அவன் சிந்தனை. மேஜைக்காரனுக்கோ வருஷக்கணக்காக ஒரே ஒரு கேள்வி: எதிரி இப்போது என்ன நினைக்கிறான்? அவனுக்கு யாரிடம் பயம்? அண்ணனிடமா, அரசனிடமா, சொந்தத் துருப்புகளிடமா? நாளைக் காலையில் அவன் கண் விழித்ததும் முதலில் யாருக்குத் தொலைபேசியில் பேசுவான்? இப்படி இன்னொருவன் மண்டைக்குள் குடியிருந்து குடியிருந்து, அவனை வெறுக்கவும் நேசிக்கவும் உரிமை இல்லாமல், வெறுமனே புரிந்துகொள்ள மட்டும் சம்பளம் வாங்கியவன் நாவல் எழுத வந்தால், கதாநாயகனைவிடப் பிரதிநாயகன் நன்றாக வாய்ப்பது இயற்கைதானே. குறிப்பில் எழுத இடம் இல்லாமல் போன சங்கதிகள், அதாவது அவன் வீட்டுச் சாப்பாடு, தூக்கமின்மை, குழந்தைகளிடம் காட்டுகிற பிரியம் எல்லாம், நாவலில் தமக்கு உரிய இடத்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றன.

என் கொள்கைக்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்ட்டெமிஸ் ஆப்ரோடைட்டி பிராக்டர் என்று இரண்டு கிரேக்க தேவதைகளின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிற, வாயைத் திறந்தால் காது கூசும்படி பேசுகிற டமாஸ்கஸ் நிலையத் தலைவி, அமெரிக்கராக இருந்தும் உயிருள்ள பாத்திரம். வாசகர்கள் அவளை விடவில்லை போலும். அடுத்தடுத்த புத்தகங்களிலும் வருகிறாள். ஆனால் 2025-இல் வந்த 'தி பெர்ஷியன்' என் பக்கத்துக்கே மீண்டும் பலம் சேர்க்கிறது. அதில் நடுநாயகமாக இருப்பவன் அமெரிக்கன் அல்லன்; ஸ்டாக்ஹோமில் பல் வைத்தியம் செய்துகொண்டிருந்த பாரசீக யூதன் ஒருவன், இஸ்ரேலின் மொசாத்துக்கு உளவாளியாகி, ஈரானியர் கையில் சிக்கி, சிறையில் தன் வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்ப எழுதும்படி நிர்ப்பந்திக்கப்படுகிறான். தன்னைக் கேள்வி கேட்கிறவனுக்காக உண்மையைச் செதுக்கிச் செதுக்கி எழுதுகிற அந்தக் கைதியின் நிலையில், பழைய மேஜை உத்தியோகத்தின் சாயல் எனக்குத் தெரிந்தது.

மேஜையிலிருந்து எழுந்து வந்த இலக்கியத்துக்கு மெக்லாஸ்கி முதல்வரும் அல்லர். முதல் உலக யுத்தத்தில் சுவிட்சர்லாந்திலும் ருஷ்யாவிலும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக வேவு பார்த்த ஸாமர்ஸெட் மாம், 1928-இல் 'ஆஷென்டன்' கதைகளை எழுதினார்; அவர் களத்து மனிதர். கிரஹாம் கிரீன் சமாசாரம்தான் இங்கே பொருந்துவது. ஸியரா லியோனில் சில காலம் ஒற்றராக இருந்துவிட்டு, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில் லண்டனுக்குத் திரும்பி, பிற்காலத்தில் சோவியத் ஒற்றன் என்று அம்பலமான கிம் ஃபில்பியின் கீழ், போர்ச்சுகல் சம்பந்தமான காகிதங்களைக் கவனிக்கிற மேஜையில் அவர் உட்கார்ந்தார். லிஸ்பனில் இருந்த ஜெர்மன் ஒற்றர்களில் சிலர் இல்லாத உளவாளிகளைச் சிருஷ்டித்து, நடக்காத சங்கதிகளை எழுதி அனுப்பிச் செலவுக்குப் பணம் கறந்துகொண்டிருந்ததை அந்தக் காகிதங்கள் வழியாகவே அவர் அறிந்தார். அந்த வித்தையின் சக்கரவர்த்தி ஹுவான் புஜோல் என்ற ஸ்பெயின்காரர். இங்கிலாந்தில் காலே வைக்காமல், லிஸ்பனில் உட்கார்ந்தபடி, சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டி இங்கிலாந்திலிருந்து உளவு அனுப்புவதாக ஜெர்மானியரை நம்பவைத்தவர். கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு லிட்டர் திராட்சை மதுவுக்காக எதையும் செய்வார்கள் என்று, அந்த ஊர்க்காரர்களின் குடிப்பழக்கத்தை அறியாமல், கூசாமல் எழுதியவர். 1942-இல் பிரிட்டிஷார் அவரைத் தம் பக்கம் அழைத்துக்கொண்ட பின்பு, இருபத்தேழு கற்பனை உளவாளிகளைச் சிருஷ்டித்து, கடைசியில் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையையும் பிரிட்டனின் எம்.பி.ஈ. பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். நாவலாசிரியர் என்றால் இவரல்லவா நாவலாசிரியர்! கிரீனோ 1958-இல், வாக்வம் கிளீனர் விற்கிற ஓர் அப்பாவி, அதன் பாகங்களையே ராட்சஸ ஆயுதங்களாக வரைந்து லண்டனுக்கு அனுப்புகிற 'அவர் மேன் இன் ஹவானா'வை எழுதி, அந்த மேஜையின் கடனைத் தீர்த்துக்கொண்டார்.

எல்லோருக்கும் இந்தக் கடன் சிரிப்பாகத் தீர்வதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்க உளவு ஸ்தாபனங்களில் பகுப்பாய்வு செய்த ஆல்மா கட்ஸு என்ற அம்மையார், எழுத வந்ததும் ஒற்றர் கதையைத் தொடவே இல்லை. அமானுஷ்யக் கதைகளையே எழுதினார். பனியில் சிக்கிப் பட்டினியில் மாண்ட பழைய அமெரிக்கக் குடியேறிகளைப் பற்றி 2018-இல் அவர் எழுதிய 'தி ஹங்கர்' ஒரு பயங்கர நாவல். 'ரெட் விடோ' என்ற ஒற்றர் நாவலுக்கு அவர் வந்து சேர்ந்தது 2021-இல்தான். அந்தத் தாமதத்துக்குக் காரணம் கேட்க நான் யார்? ஆனால், மனிதனுக்கு மனிதன் இழைக்கும் கொடுமையைக் காகிதத்தில் நீண்ட காலம் வாசித்தவருக்குப் பேயும் பிசாசும் சற்று இளைப்பாறுதலாகவே இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இனி வாசகர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரு விஷயம். சி.ஐ.ஏ.வில் சேர்கிற ஒவ்வொருவரும் கையெழுத்திடும் ரகசிய உடன்படிக்கை அவர்களை ஆயுள் முழுவதும் கட்டுகிறது; தங்கள் பழைய தொழிலைத் தொட்டு எழுதினால், கற்பனைக் கதையாகவே இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் ஸ்தாபனத்தின் பரிசீலனைக்குக் கொடுத்தாக வேண்டும். இதை மீறியவர் ஒருவரின் கதி பிரசித்தம். சைகோனில் வட வியட்நாமின் யுத்த தந்திரத்தை ஆராயும் பகுப்பாய்வாளராக இருந்த ஃபிராங்க் ஸ்னெப், 1975 ஏப்ரல் இறுதியில் அந்த நகரம் வீழ்ந்தபோது, தங்களை நம்பி உளவு சொன்ன வியட்நாமியர்களை அமெரிக்கர்கள் நிர்க்கதியாக விட்டுப் பறந்ததைக் கண்டு மனம் கொதித்து, 1977-இல் 'டீஸன்ட் இன்டர்வல்' என்ற நூலை அனுமதி பெறாமல் வெளியிட்டார். அதில் அரசாங்க ரகசியம் எதுவும் வெளியாயிற்று என்று அரசாங்கமே வாதிக்கவில்லை. அப்படியிருந்தும் 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகத்தில் கிடைத்த வருமானம் அனைத்தையும் சர்க்காருக்கே செலுத்தும்படி தீர்ப்பளித்துவிட்டது. நம் தேசத்திலும் நிலைமை வேறல்ல. 'ரா' என்ற உளவு அமைப்பில் உயர் பதவி வகித்த அமர் பூஷணால், அங்கிருந்து 2004-இல் ஓடிப்போன ரபீந்தர் சிங்கின் விவகாரத்தைத் தழுவி 2012-இல் 'எஸ்கேப் டு நோவேர்' என்ற நாவலை எழுத முடிந்தது. 2023-இல் அது 'குஃபியா' என்று இந்திப் படமாகவும் வந்தது. இடையே 2021 மே மாதத்தில் திருத்தப்பட்ட ஓய்வூதிய விதியோ, உளவு மற்றும் பாதுகாப்பு ஸ்தாபனங்களில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அவற்றின் காரியங்களைப் பற்றியும் தங்கள் அங்கத்திய அனுபவங்களைப் பற்றியும் முன் அனுமதி இன்றி எதையும் பிரசுரிக்கக் கூடாது என்கிறது. மீறினால் ஓய்வூதியத்துக்கே ஆபத்து.

ஆகவே இத்தகைய நாவல்களில் நாம் வாசிப்பது அனுமதிக்கப்பட்ட உண்மை என்பதை மறந்துவிடலாகாது. 2011 செப்டம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் சி.ஐ.ஏ.வுக்குத் தலைமை வகித்த பெட்ரேயஸ், தாம் படித்த ஒற்றர் நாவல்களில் தலைசிறந்தது என்று 'டமாஸ்கஸ் ஸ்டேஷ'னைப் புகழ்ந்திருக்கிறார். சம்பந்தியின் சமையலைப் புகழ்வது போல் இருக்கிறது. அந்தப் புகழ்ச்சியில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அமெரிக்கா அந்த யுத்தத்தில் செய்ததும் செய்யத் தவறியதும், அதனால் செத்தவர்களின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்ற கேள்விக்கு அந்த நாவலில் பதில் தேடாதீர்கள். 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூத்தாவில் விஷவாயுவில் மடிந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குத் தேர்ந்த ஒற்றர் நாவலில்கூடக் கொல்லைப்புறத்து இடம்தான் கிடைக்கும். எதிரியை நன்றாக எழுதத் தெரிந்தவர், எதிரியும் அல்லாத நண்பனும் அல்லாத சாதாரண ஜனங்களை அவ்வளவு நன்றாக எழுதிவிடவில்லை. அவர்களைப் பற்றி எவரும் அவரைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அதற்கு வேறொருவரிடம்தான் போக வேண்டும். காலித் கலீஃபா என்ற சிரிய நாவலாசிரியர், யுத்தம் மூண்ட பின்பும் தேசத்தை விட்டுக் குடிபெயராமல் டமாஸ்கஸிலேயே வாழ்ந்து, 2023 செப்டம்பரில் அங்கேயே காலமானவர். 2016-இல் அரபியில் வெளிவந்து, 'டெத் இஸ் ஹார்டு வொர்க்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் கிடைக்கிற அவருடைய நாவலில், இரண்டு மகன்களும் ஒரு மகளும் தங்கள் தந்தையின் சடலத்தை, அவர் கடைசி ஆசைப்படி, டமாஸ்கஸிலிருந்து அலெப்போவுக்கு அருகில் உள்ள சொந்தக் கிராமத்துக்கு வண்டியில் கொண்டுபோகிறார்கள். சமாதான காலத்தில் சில மணி நேரப் பிரயாணம். யுத்தத்தில் அது நாள்கணக்காக நீள்கிறது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில், இறந்தவர் உளவுத்துறையால் தேடப்படுகிறவர் என்று கண்டுபிடித்து, சடலத்தையே கைது செய்துவிடுகிறார்கள். அலி ஹசன்களின் மேஜைமேல் கிடந்த ஒரு கோப்பு, ஒரு குடும்பத்தின் பிணத்துக்கு என்ன செய்யும் என்பதை எழுத, கோப்பின் மறுபக்கத்தில் இருந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 8-ஆம் தேதி சிரியாவை ஆண்ட அஸாத்தின் ஆட்சி விழுந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உங்களுக்கு நேரம் இருந்தால் இரண்டையும் படியுங்கள். முதலில் மெக்லாஸ்கி, உடனே கலீஃபா, இடையில் வேறு எதையும் படிக்காமல். ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்பவர்கள் கலீஃபாவைப் படியுங்கள். அதைத் தமிழில் கொண்டுவர இயன்றவர்கள் யாரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அரபியோ ஆங்கிலமோ, எதிலிருந்தானாலும் சரி, அந்தக் காரியத்துக்கு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.